சூரியன் திரும்புவது டிசம்பரில், மகர சங்கராந்தி ஜனவரியில்: ஏன் இந்த இடைவெளி?

குஜராத்தில் ஜனவரி 14-ல் பட்டம் விடுகிறார்கள். அந்த நாளுக்கு அங்கே பெயரே 'உத்தராயண்'. அதே நாட்களில் அசாமில் மாக் பிஹு, தமிழ்நாட்டில் பொங்கல். சூரியன் வடக்கே திரும்பும் நாள் என்றுதான் பலரும் சொல்கிறோம். ஆனால் சூரியன் அதற்குச் சுமார் 24 நாட்களுக்கு முன்பே திரும்பிவிடுகிறது.

எப்போது திரும்புகிறது?

பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வோடு சூரியனைச் சுற்றுவதால், சூரியன் உதிக்கும் இடம் ஆண்டு முழுக்க தெற்கும் வடக்குமாக நகர்கிறது. தென்கோடியைத் தொடுவது டிசம்பர் 21 அல்லது 22. மறுநாளிலிருந்து வடக்குப் பயணம்தான். மொட்டை மாடியில் நின்று சில வாரங்கள் சூரிய உதயத்தைக் கவனித்தாலே இது தெரியும்.

அப்படின்னா ஜனவரி 14 என்ன?

சூரியன் மகர ராசிக்குள் நுழையும் நாள். ராசிகள் விண்மீன்களை வைத்துக் கணக்கிடப்படுபவை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு இரண்டும் ஒரே நாளில் வந்தன.

பிரித்தது எது?

சுற்றும் பம்பரம் தலையாட்டுவதுபோல பூமியின் அச்சும் மெல்ல ஆடுகிறது. ஒரு முழு ஆட்டத்துக்குச் சுமார் 26,000 ஆண்டுகள். இதனால் விண்மீன்களை வைத்துக் கணக்கிடும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட சுமார் 20 நிமிடம் நீளம். 72 ஆண்டுகளில் அது ஒரு நாளாகிவிடும். விவேகானந்தர் பிறந்த 1863-ல் மகர சங்கராந்தி ஜனவரி 12-ல் வந்தது. இப்போது 14 அல்லது 15.

யாரும் சரிசெய்யவில்லையா?

1952-ல் இயற்பியலாளர் மேக்நாத் சாஹா தலைமையில் நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அது பருவங்களைப் பின்பற்றுகிறது. அதில் பௌஷ மாதம் டிசம்பர் 22-ல் பிறக்கிறது. ஆனால் மகர சங்கராந்தியைப் பஞ்சாங்கங்கள் இன்றும் விண்மீன்களை வைத்தே குறிக்கின்றன.

இப்படியே போனால்?

நம் வாழ்நாளில் ஒரு நாள்தான் நகரும், பெரிதாகத் தெரியாது. ஆனால் சுமார் 6,000 ஆண்டுகளில் மகர சங்கராந்தி ஏப்ரலுக்குப் போய்விடும். அப்போது தை பிறப்பதே கோடையில்தான். பண்டிகை விண்மீனோடு போகணுமா, பருவத்தோடு நிற்கணுமா? வானியல் கணக்கைச் சொல்லும்; முடிவெடுக்க வேண்டியது கொண்டாடுபவர்கள்தான்.