ஆறு ஆண்டுக் காத்திருப்பு

நம் நாட்டில் கிரிக்கெட் பெற்றுள்ள இடத்தை அமெரிக்காவில் பேஸ்பால் நெடுங்காலமாக வகித்து வந்திருக்கிறது. அவ்வாட்டத்தின் வெற்றி தோல்விகள் பெரும்பாலும் பந்து வீச்சாளரின் கையில் உள்ளன. நேரிய பந்துகளை மூன்று முறை அடிக்கத் தவறும் மட்டையாளர் வெளியேற வேண்டும். குறிக்குப் புறம்பாக நான்கு பந்துகள் சென்றாலோ, அவர் அடிக்காமலே முதல் தளத்தை அடைந்துவிடுவார். வேகமும் குறியும் ஒருங்கே அமைந்தவரே சிறந்த வீச்சாளர் ஆவார். வேகம் இருந்தும் குறி அமையாது ஆறு ஆண்டுகள் தவித்த ஓர் இளைஞரின் வரலாறு நேயர்கள் அறியத்தக்கது.

சாண்டி கோஃபாக்ஸ் 1935ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். இளமையில் அவர் மனம் பெரிதும் ஈடுபட்டது கூடைப்பந்தாட்டத்தில்தான். எனினும் அவருடைய இடக்கையின் வேகத்தைக் கண்ட புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவினர், 1954 டிசம்பரில் 14,000 டாலர் முன்தொகையும் 6,000 டாலர் ஆண்டுச் சம்பளமும் அளித்து அவரைச் சேர்த்துக்கொண்டனர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதும் நிரம்பவில்லை.

அந்த முன்தொகையே அவருக்குத் தடையாகவும் அமைந்தது. 4,000 டாலருக்கு மேல் முன்தொகை பெறும் புதிய வீரரை இரண்டாண்டுக் காலம் முதன்மைக் குழுவிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாளைய விதி. செல்வம் மிகுந்த குழுக்கள் திறமையுள்ள இளைஞர்களையெல்லாம் விலைக்கு வாங்கிக் குவிப்பதைத் தடுக்கவே அவ்விதி ஏற்பட்டது. ஆனால் அதனால் விளைந்தது யாது? மற்ற இளைஞர்கள் சிறு நகரங்களின் கீழ்நிலைக் குழுக்களில் இடைவிடாது ஆடித் தேர்ச்சி பெற்றனர். கோஃபாக்ஸோ பெரிய அரங்கின் ஓரத்தில் அமர்ந்து, பிறர் ஆடுவதைப் பார்த்திருந்த நாட்களே மிகுதி.

திறமை இடையிடையே மின்னாமல் இல்லை. 1955 ஆகஸ்ட் 27ஆம் நாள் சின்சினாட்டி குழுவுக்கு ஓர் ஓட்டமும் கொடாது, 14 பேரைத் தம் வீச்சாலேயே வெளியேற்றி, முதல் வெற்றியைப் பெற்றார். ஆயினும் அந்த ஒளி நிலைத்து நிற்கவில்லை. 1957ஆம் ஆண்டு ஆட்டங்கள் முடிந்தபின் குழுவே புரூக்ளினை விட்டு, நாட்டின் மறுகோடியிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. பிறந்த ஊரைத் துறந்து அவரும் உடன் சென்றார். ஊர் மாறியும் நிலைமை உடனே மாறவில்லை. 1960 முடிய ஆறு ஆண்டுகளில் அவர் பெற்ற வெற்றிகள் 36; தோல்விகள் 40.

மனம் சோர்ந்த அவர், ஆட்டத்தையே கைவிட எண்ணித் தம் கையுறையையும் காலணிகளையும் குப்பையில் எறிந்தார். உடைமாற்றும் அறையின் பொறுப்பாளர் நோப் கவானோ அவற்றை எடுத்துப் பாதுகாத்து வைத்தார். மறு ஆண்டு கோஃபாக்ஸ் திரும்பியபோது அவரிடமே சேர்ப்பித்தார்.

1961இன் பயிற்சிக் காலத்தில், விக்கெட் காப்பாளரைப் போலப் பின்னின்று பந்து பிடிக்கும் நார்ம் ஷெரி அவருக்கு ஓர் எளிய யோசனை கூறினார். வலிமை முழுவதையும் செலுத்தாமல், சற்றே தளர்த்தி வீசினால் குறி கைகூடும் என்பதே அது. அவ்வாண்டு 18 வெற்றிகள் கிடைத்தன. 1963இல் 25 வெற்றிகள், தோல்விகளோ ஐந்தே. 1965 செப்டம்பர் 9ஆம் நாள் சிகாகோ கப்ஸ் குழுவின் 27 மட்டையாளர்களில் ஒருவரையும் முதல் தளத்தை எட்டவிடவில்லை. முழங்கை மூட்டு நோயால் 1966இல், தமது முப்பதாம் வயதில், அவர் ஓய்வு பெற்றார். அந்தப் பிற்பகுதி ஆறு ஆண்டுகளின் கணக்கு 129 வெற்றிகள், 47 தோல்விகள். 1972இல் பேஸ்பால் புகழ்மண்டபத்தில் அவர் இடம் பெற்றபோது வயது 36தான்.

இரு கணக்குகளும் ஒரே கைக்கு உரியவை. அக்கையின் வேகம் லாஸ் ஏஞ்சல்ஸில் புதிதாகப் பிறந்ததன்று, புரூக்ளினிலேயே இருந்ததுதான். ஆடுவதற்கு வாய்ப்பும், தக்க தருணத்தில் ஒரு சொல்லும், எறிந்த கையுறையை எடுத்து வைக்க ஓர் அன்பரும் வேண்டியிருந்தனர். வேற்றூரில் வாழ்வு தொடங்குவோர்க்கும் முதற்சில ஆண்டுகளின் கணக்கே முடிந்த கணக்கு அன்று.