சிக்குன்குனியா பரவும் முறை
சிக்குன்குனியா என்பது ஏடிசு வகைக் கொசுக்களால் பரவும் ஒரு தீநுண்ம (வைரசு) நோயாகும். 1952 இல் இன்றைய தன்சானியாவின் தென்பகுதியில் முதலில் அறியப்பட்டது. மூட்டுவலியால் உடல் வளைவதைக் குறிக்கும் மாக்கொண்டே மொழிச் சொல்லே இதன் பெயர். தமிழின் 'குனி' என்பதோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே.

1964 இல் சென்னையில் பரவிய இந்நோய், 2006 இல் தமிழகத்தில் மீண்டும் பெருமளவில் தோன்றியது. ஒரே வீட்டில் அடுத்தடுத்துப் பலருக்குக் காய்ச்சல் வருவதால் இது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என எண்ணுவது இயல்பு. ஆயினும் தொடுதல், இருமல், உணவு ஆகியவற்றால் இது பரவுவதில்லை. நோயாளியின் குருதியை உறிஞ்சிய கொசுவின் உடலில் தீநுண்மம் பெருகி, சில நாட்களில் அதன் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைகிறது. அதன் பின்னரே அக்கொசு கடித்தால் நோய் தொற்றும். மனித உடலில் புகுந்த தீநுண்மம் உயிரணுக்களுக்குள் தன்னைப் படியெடுத்துப் பெருகுகிறது. அதனை எதிர்க்கும் உடலின் வினையும் சேர்ந்து மூட்டுகளில் அழற்சியை உண்டாக்குவதால், காய்ச்சல் தணிந்த பின்னும் வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம்.

எனவே நோயாளியை ஒதுக்கி வைக்கத் தேவையில்லை. முதல் வாரத்தில் பகலிலும் கொசுவலைக்குள் இருந்தால் போதும், ஏடிசு பகலில் கடிப்பது. விருதுநகர் மாவட்டத்தின் இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற ஊர்களில் வீட்டில் தண்ணீர் சேமிக்கும் தொட்டிகளும் பீப்பாய்களும் மூடப்படாவிடில் அது முட்டையிட ஏற்ற இடங்களாகும். முட்டைகள் வறண்ட நிலையிலும் பல மாதங்கள் கெடாதிருப்பதால், நீரைக் கொட்டுவதுடன் தொட்டியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.