காம்பவுண்டு: கடைசி பெஞ்சிலிருந்து வந்த ஒரு கேள்வி

இன்று கொஞ்சம் நீளமான பதிவு. காபியை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

1989 என்று நினைவு. ஏழாம் வகுப்பு அறிவியல். கலவைக்கும் சேர்மத்துக்கும் வித்தியாசம் காட்ட இரும்புத்தூளும் கந்தகத்தூளும் கொண்டு போயிருந்தேன். சும்மா கலந்து வைத்தால் கலவை. காந்தத்தைக் காட்டினால் இரும்பு தனியே வந்து ஒட்டிக்கொள்ளும். சூடாக்கினால் இரும்பு சல்பைடு ஆகிவிடும். அது சேர்மம், காந்தத்தின் ஜம்பம் அதனிடம் பலிக்காது. பலகையில் 'சேர்மம்' என்று எழுதி, பக்கத்திலேயே ஆங்கிலத்தில் 'காம்பவுண்டு' என்றும் எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"டீச்சர், நம்ம ஸ்கூல் காம்பவுண்டும் இதுவும் ஒண்ணா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "ஆமா, செங்கல், மணல், சுண்ணாம்பு எல்லாம் சேர்ந்ததுதானே சுவர், அதனாலதான் அந்தப் பேரு" என்றேன். அவன் விடவில்லை. "அது கலவைதானே டீச்சர்?" வகுப்பே சிரித்தது. மணி அடிக்கும்வரை அவனை நிற்க வைத்தேன்.

இத்தனை வருடம் கழித்து இது ஏன் என்று கேட்பீர்கள். போன மாதம் மலேசியாவிலிருந்து என் அக்கா மகள் பேசினாள். "சித்தி, லீவுக்கு ஒரு கம்பத்து வீட்டுல தங்கினோம்" என்றாள். நான் தேனிப் பக்கத்துக் கம்பம் என்றே நினைத்து, எப்போது ஊருக்கு வந்தாய், ஏன் சொல்லவில்லை என்று கோபித்துக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: மலாய் மொழியில் 'கம்போங்' என்றால் கிராமம், அங்குள்ள தமிழர் வாயில் அது கம்பம். அந்தச் சொல்லைத் தேடிப் போனபோதுதான் என் பழைய கணக்கு வெளியே வந்தது.

பள்ளிக்கூடக் காம்பவுண்டு பெரும்பாலும் அந்தக் கம்போங்கிலிருந்து வந்தது என்றுதான் ஆங்கில அகராதிகள் சொல்கின்றன. கம்போங் என்பது வேலியடைத்த வீட்டுத் தொகுதியையும் குறிக்கும். ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாவா தீவின் பாண்டம் நகரில் 1603 முதல் 1682 வரை வணிக நிலையம் இருந்தது. நம் சென்னைக் கோட்டையே தொடக்க ஆண்டுகளில் பாண்டத்திலிருந்த அதிகாரிகளுக்குக் கீழ்ப்பட்டதுதான். ஆளும் சரக்கும் கடிதமும் அங்குமிங்கும் போய்வந்த வழியில் இந்தச் சொல்லும் வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1679 ஏப்ரலில் சென்னைக் கோட்டை அதிகாரிகள் வடக்கே கோதாவரிக் கரையோரம் சுற்றுப்பயணம் போனார்கள். மடப்பள்ளம் அருகே டச்சுக்காரர்களுக்குப் பெரிய காம்பவுண்டு ஒன்று இருந்ததாகவும், அதில் முந்நூறுக்கு மேற்பட்ட ஜாடிகளைத் தரையில் புதைத்துத் துணிக்கு நீலச் சாயம் ஏற்றியதாகவும் எழுதி வைத்தார்கள். ஆங்கில எழுத்தில் இந்தப் பொருளில் இந்தச் சொல் கிடைக்கும் மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. நீலக் கையோடு தொழிலாளிகள் அந்தச் சாடிகளுக்கு நடுவே நடப்பது எனக்குக் கண்ணில் தெரிகிறது.

இந்தக் குறிப்பைப் பிடித்துக் கொடுத்தது ஹாப்சன்-ஜாப்சன் என்ற அகராதி. 1886இல் வெளிவந்தது. தொகுத்தவர்கள் யூல், பர்னெல் என்ற இருவர். பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர், அரண்மனைச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அகராதி அச்சாகி வருவதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1882இல் இறந்துவிட்டார். போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது என்றும் ஒரு கட்சி உண்டு. அதையும் அந்த நூல் எடுத்துப் பேசிவிட்டு, மலாய்ப் பக்கமே சாய்கிறது.

சொல் இங்கேயே நின்றுவிடவில்லை. ஆங்கிலேயரோடு ஆப்பிரிக்கா போனது. 1880களில் கிம்பர்லி வைரச் சுரங்கங்களில், வைரத்தைக் கடத்திவிடுவார்கள் என்று காரணம் காட்டி, கறுப்பினத் தொழிலாளர்களை ஒப்பந்தக் காலம் முடியும்வரை வெளியே விடாமல் அடைத்து வைத்த இடத்துக்கும் காம்பவுண்டு என்றுதான் பெயர். கிராமம் என்ற சொல் எங்கே போய் நின்றது பாருங்கள்.

பலகையில் நான் எழுதிய காம்பவுண்டு வேறு வீட்டுப் பிள்ளை. லத்தீனில் 'காம்' என்றால் சேர்ந்து, 'போனெரெ' என்றால் வைத்தல். சேர்த்து வைத்தது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் கடைசி 'டு' கிடையாது, பின்னால் ஒட்டிக்கொண்டது. 'சவுண்டு' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். கூட்டுவட்டி, கூட்டிலை, ஈயின் கூட்டுக்கண், ஆங்கில இலக்கணத்தில் நாம் படித்த தொடர் வாக்கியம், எல்லாம் இந்தக் குடும்பம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரும்தான். மருந்துகளைச் சேர்த்துப் பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு ஒரு அளவு என்று காகிதப் பட்டி ஒட்டித் தருவாரே, அவர். அவர் தந்தது கலவைதான், பெயர் மட்டும் கம்பவுண்டர். ஏனென்றால் கலவை வேறு சேர்மம் வேறு என்று கறாராகப் பிரிக்கும் வேலை புரூஸ்ட் போன்ற வேதியியலாளர்கள் 1790களுக்குப் பிறகு செய்தது. கம்பவுண்டர் அதற்கும் முந்திய பொருளில் வாழ்கிறவர்.

ஆக, மலாயிலிருந்து வந்த சொல் ஆங்கிலேயன் காதில் தனக்குத் தெரிந்த சொல் மாதிரியே விழுந்து, அதன் எழுத்தையே போட்டுக்கொண்டது. இரண்டுக்கும் உடை ஒன்று, பிறப்பு வேறு.

கடைசி பெஞ்சுத் தம்பி, உன் பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எழுதவில்லை. இந்தப் பதிவு உன் கண்ணில் பட்டால், அன்று கேட்டதற்குப் பதில் இது: இல்லைப்பா, இரண்டும் ஒன்றல்ல. சுவர் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி. நிற்க வைத்ததற்கு டீச்சரை மன்னித்துவிடு. முடிந்தால் ஒரு நாள் வீட்டுக்கு வா. உட்கார்ந்து பேசலாம்.