கஞ்சமலை ஊற்று

அமாவாசைக் கூட்டம் ஓய்ந்த மறுநாள் பேரனோட சித்தர்கோயில் போனேன். வேண்டுதலுக்கு உப்பும் வெல்லமும் கரைக்கிற ஊற்றைத் தாண்டி, மரநிழல்லயே கொஞ்ச தூரம் மலையேறினோம். எனக்கே மூச்சு வாங்கலை. பழைய ரேடியோ ஸ்பீக்கர்ல கழட்டின காந்தத்தைப் பையன் கறுப்புக் கல்லுல வச்சான், கப்புன்னு ஒட்டிக்கிச்சு.

சேலத்து இரும்புக் கல்லை நம்பித்தான் 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் ஆலை நடத்தினார். உருக்கக் கரி வேணும். கரிக்குக் காடு வேணும். கல் தீரலை, கரிதான் கட்டுப்படியாகலை. ஆலை மூடிக்கிச்சு. (நம்ம ஊர் உலைக்காரங்க அதுக்கு ரொம்ப முன்னாடியே சின்ன உலையில இரும்பு உருக்கினவங்க.)

மலையை வெட்டித் தாது எடுக்கிற பேச்சு இப்பவும் அப்பப்ப கிளம்புது. அந்த மலையில விழற மழைதான் எங்க கிணத்துக்கு. இந்தப் பங்குனியிலயும் ரெண்டு ஆள் மட்டம் தண்ணி நின்னுச்சு.