பத்தியில் தொடங்கும் சோதனை: அசர் வாசிப்புத் தாளை மறுபடி படித்தல்

தொடக்கப் பள்ளி வாசிப்பு பற்றிய ஆய்வுகளில், வீடு வீடாகச் சென்று குழந்தைகளின் வாசிப்பை அளக்கும் அசர் (ASER) கணக்கெடுப்பின் வாசிப்புத் தாள் ஓர் ஏணியாகவே எடுத்தாளப்படுகிறது. எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படிகள். இதிலிருந்து பெறப்படும் கற்பித்தல் முடிவும் அறிந்ததே: எழுத்தெல்லாம் கைவந்த பிறகே கதைப் புத்தகம், வாசிப்பில் விருப்பம் என்பது திறன் முற்றியபின் தானே வந்து சேரும். இந்த முடிவை அந்தத் தாளே தாங்கவில்லை என்பது என் வாதம்.

தாளைவிட, அதைக் கையாளும் நெறிமுறையைப் பார்க்க வேண்டும். சோதிப்பவர் எழுத்தில் தொடங்குவதில்லை, பத்தியில் தொடங்குகிறார். இரண்டு பத்திகளில் எதை வாசிப்பது என்பது குழந்தையின் விருப்பம். சரளமாக வாசித்துவிட்டால் கதை. இல்லையென்றால்தான் கீழிறங்கிச் சொற்கள், அதுவும் முடியாதபோது எழுத்துகள். ஆக, கதையை வாசித்த குழந்தையிடம் எழுத்து தெரியுமா என்று யாரும் கேட்பதே இல்லை. கதை நிலையில் பதிவானவருக்கு 247 எழுத்தும் தெரியும் என்பதற்கு இந்தத் தரவில் சான்று கிடையாது. எழுத்து முழுவதையும் கற்பதே முந்தியது என்பது தரவின்மேல் ஏற்றிய ஊகம்.

பத்திக்கான அளவுகோல் இன்னும் கவனிக்கத்தக்கது. மூன்று தவறுகள் வரை பொறுத்துக்கொள்ளப்படும். ஆனால் சொல் சொல்லாக நிறுத்தாமல் வாக்கியமாக வாசிக்க வேண்டும். தாள் அளப்பது வெறும் எழுத்துக்கூட்டலைத்தான் என்று தாளையே குறை கூறுவோரின் குற்றச்சாட்டும் இங்கே தடுமாறுகிறது. தமிழில் வினை பெரும்பாலும் இறுதியில் நிற்கிறது. வேற்றுமையும் காலமும் பாலும் சொல்லின் வாலில் ஒட்டிக்கொள்கின்றன. எங்கே மூச்சு விடுவது என்பது பொருள் ஓரளவேனும் பிடிபட்டவருக்கே தெரியும். ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் வெவ்வேறாக ஒலிக்கிறது. எழுத்தட்டை இதைக் கற்றுத்தராது. அந்தச் சொற்களை முன்பே கேட்டுப் பழகிய காது கற்றுத்தரும். அந்தக் காதை வளர்ப்பவை கதைகள்.

அச்சில் ‘வந்துவிட்டார்கள்’ என்றிருப்பதை ‘வந்துட்டாங்க’ என்று வாசிக்கும் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். எழுத்தைத் தவறவிட்டாள், பொருளைப் பிடித்துவிட்டாள். ‘வந்துவிட்டர்கள்’ என்று பொருளின்றி ஒப்பிக்கும் சிறுவனைவிட இவளே வாசகி என்று கொள்ளத் தோன்றுகிறது. அறிக்கையின் அட்டவணையிலோ இருவரும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடக்கூடும். யார் எவ்வகைத் தவறு செய்தார் என்பது அங்கே தெரியாது. அட்டவணையைக் குறை சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய், வீட்டு வாசலில், சில நிமிடங்களில் முடிக்க வேண்டிய கணக்கெடுப்பு அது. அதை வகுப்பறைக்குள் கொண்டுவந்து பாடத்திட்டமாக்குவதுதான் கோளாறு.

எழுத்தே தெரியாமல் எப்படி வாசிப்பது என்ற மறுப்பு வழக்கமாக எழும். எழுத்தைக் கற்பிக்க வேண்டாம் என்று இங்கு எவரும் சொல்லவில்லை. அதைத் தாண்டி அந்த மறுப்பில் பதில் சொல்ல ஒன்றுமில்லை. இந்தத் தாளை உருவாக்கிய பிரதம் அமைப்பின் கற்பித்தல் முகாம்களிலேயே எழுத்து நிலைக் குழந்தைகளும் பத்தி வாசிப்பில் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஏணி வாதத்தினர் இதை ஏனோ மேற்கோள் காட்டுவதில்லை.

தமிழ்நாட்டுக்கு இது உடனடியாகப் பொருந்தும். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்தது. அடுத்த ஆண்டு வந்த வாசிப்பு இயக்கத்தின் சிறு புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு வகை. புத்தகத்துக்கு நிலை குறிப்பது ஆசிரியருக்கு உதவி. ‘நுழை’யைத் தாண்டாத பிள்ளைக்கு ‘பற’ கிடையாது என்று அலமாரியை மூடினால் பழைய ஏணியே திரும்பி வருகிறது. பாதி படத்திலும் பாதி பக்கத்திலிருக்கும் தோழியின் வாயிலுமாக ஒரு பிள்ளை ‘பற’ வகைப் புத்தகம் ஒன்றை அறிந்து, மறுநாளும் அதையே கேட்டால், அது வாசிப்பு விருப்பத்தின் நேரடிச் சான்று. அசர் தாளில் அதற்கு இடமில்லை, இருக்கவும் வேண்டியதில்லை. வகுப்பு நூலகப் பதிவேட்டில் ‘திரும்பக் கேட்ட புத்தகம்’ என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். எழுத்து நிலையில் பதிவான குழந்தைகளின் பெயர்கள் அதில் எத்தனை வருகின்றன என்பதைப் பார்த்தபின் ஏணியைப் பற்றிப் பேசலாம்.