குறிஞ்சி யாழும் கிட்டாரின் மைனரும்

கிட்டார் பயிலும் மாணவருக்குத் தொடக்க வகுப்புகளிலேயே ஒரு வாய்பாடு கற்பிக்கப்படுகிறது: மேஜர் என்றால் மகிழ்ச்சி, மைனர் என்றால் சோகம். பாட்டுக்கட்டத் தொடங்குவோரும் அதையே பின்பற்றித் துயரப் பாடலுக்கு மைனரைத் தேடுகின்றனர். திரையிசை குறித்த ஆய்வுகளிலும் இவ்வாய்பாடு கேள்வியின்றி நுழைந்துவிடுகிறது. ஐரோப்பிய இசையின் சில நூற்றாண்டுப் பழக்கத்தில் உருவான இக்கருத்து தமிழ் இசைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதைச் சோதிக்க, கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதிகள் தகுந்த களமாக அமைகின்றன.

மைனரின் அடையாளம் அதன் மூன்றாம் சுரம், அதாவது சாதாரண காந்தாரம். 72 மேளகர்த்தாக்களில் 19 முதல் 24 வரையிலான வேத சக்கரம் முழுவதும் சதுச்சுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம் ஆகிய மூன்றையும் பொதுவாகக் கொண்டது. தைவதமும் நிஷாதமும் மட்டுமே இராகத்துக்கு இராகம் மாறுகின்றன. 20ஆம் மேளமான நடபைரவி மேற்கத்தியரின் இயற்கை மைனர். 21ஆம் மேளமான கீரவாணி ஹார்மோனிக் மைனர். 23ஆம் மேளமான கௌரிமனோகரி மெலோடிக் மைனரின் ஆரோகணம். இடையில் நிற்கும் 22ஆம் மேளமான கரகரப்பிரியா, டோரியன் எனப்படும் பழைய ஐரோப்பிய முறையோடு ஒத்தது. ஆகவே மைனர் என்பது தமிழ்க் காதுக்கு ஒரே நிறமாக ஒலித்ததில்லை. பெயரிலேயே ஆனந்தத்தைத் தாங்கிய ஆனந்தபைரவியும் சாதாரண காந்தாரத்தில் நிற்கும் இராகமே. அதைச் சோகத்தின் இராகம் என்று எவரும் வகைப்படுத்துவதில்லை.

இன்னும் பின்னோக்கிச் சென்றால் சான்று வலுப்பெறுகிறது. சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் விளக்கும் ஏழ்பெரும்பாலைகளில், குரல் குரலாக நிற்பது செம்பாலை. துத்தம் குரலாக மாறினால் படுமலைப்பாலை. விளரி குரலாக மாறினால் விளரிப்பாலை. செம்பாலையை அரிகாம்போதி எனக் கொள்ளும் இசையாய்வாளர்களின் கணக்குப்படி, படுமலைப்பாலை நடபைரவியாகவும் விளரிப்பாலை தோடியாகவும் அமைகின்றன. இவற்றுள் படுமலைப்பாலை குறிஞ்சி யாழுக்கும், விளரிப்பாலை நெய்தல் யாழுக்கும் உரியவை என்பது அவர்கள் கொள்கை. குறிஞ்சியின் உரிப்பொருள் புணர்தல். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். இவ்வடையாளப்படுத்தலை ஏற்றால், இன்று மைனர் எனப்படும் சுரவரிசையைத் தமிழ் மரபு கூடலுக்கு வழங்கியிருக்கிறது. இரங்கலுக்கு அது தேர்ந்தது சுத்த ரிஷபம் பயிலும் தோடியை. வாய்பாட்டின் அடித்தளமே இங்கு ஆட்டம் காண்கிறது.

அந்தக் குறிஞ்சி, நிலப்பெயராக மட்டும் எஞ்சிவிடவில்லை. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூக்கும் மூணாறு மலைகள் இடுக்கி மாவட்டத்தில் உள்ளன. தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில், தமிழர் கோரிக்கையை மீறிக் கேரளத்துடன் இணைந்தன. 1958இல் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தபோது, பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸுக்காகத் தேயிலைத் தோட்டங்களில் பாடியவர், மலைக்குக் கிழக்கே பண்ணைப்புரத்தைச் சேர்ந்த பாவலர் வரதராசன். மக்கள் அறிந்த மெட்டுகளில் அரசியல் சொற்களை ஏற்றிப் பாடுவது அவர் வழக்கம். ஒரு மெட்டு ஒரே உணர்ச்சிக்குக் கட்டுப்பட்டதன்று என்பதை அந்த மேடைகள் நடைமுறையில் காட்டின. காதலுக்கு அமைந்த மெட்டு கூலி உயர்வையும் பேசியது. அவருடைய தம்பியாகிய இளையராஜா இசை பயின்ற முதற்பள்ளி இந்தப் பாட்டுக்குழுவே.

பாலக்காட்டின் பங்களிப்பு வேறு வகையானது. செம்பை வைத்தியநாத பாகவதர், பாலக்காடு மணி ஐயர் ஆகியோரின் மண் அது. தாழ்ந்த சுருதியில் பாடுவதற்குப் பெயர்பெற்ற எம்.டி. இராமநாதன் பாலக்காட்டைச் சேர்ந்த மஞ்ஞப்பராவில் பிறந்தவர். ஆர்மோனியத்தில் விரல் வைத்து மெட்டமைத்த எம்.எஸ். விசுவநாதன் 1928இல் எலப்புள்ளியில் பிறந்தார். இம்மரபில் சுருதியைத் தீர்மானிப்பது குரல். பாடுபவருக்கு எந்தக் கட்டை இசைவாக வருகிறதோ அதுவே ஆதார ஷட்ஜம். இராகம் எதுவாயினும் கட்டை மாறுவதில்லை.

கிட்டார் இவ்வொழுங்கில் ஒரு புதிய வற்புறுத்தலைக் கொண்டுவந்தது. அதன் ஆறு தந்திகளும் இ, ஏ, டி, ஜி, பி, இ எனச் சுருதி சேர்க்கப்படுகின்றன. இ மைனர் கார்டில் இரண்டு தந்திகளை மட்டும் அழுத்தினால் போதும். மற்ற நான்கும் திறந்த நிலையில் முழங்கும். ஏ மைனரும் டி மைனரும் அவ்வாறே கைக்கு எளியவை. சி மைனருக்கோ எஃப் மைனருக்கோ ஒரு விரலைத் தந்திகள் மீது குறுக்கே படிய வைக்க வேண்டும். திறந்த தந்தியின் நீண்ட ஒலி அங்கே கிடைக்காது. கட்டைக் கணக்கில் இ என்பது மூன்று, ஏ என்பது ஆறு, டி என்பது இரண்டு. பாடகரின் கட்டை ஐந்து என்றால் வேண்டியது ஜி மைனர். மூன்றாம் கட்டத்தில் கேப்போவைப் பூட்டி இ மைனர் விரலமைப்பில் வாசிப்பது ஒரு வழி. ஆக, மைனர் சுருதித் தேர்வு என்பது பாடுபவரின் குரலுக்கும் கருவியின் திறந்த தந்திகளுக்கும் இடையே எட்டப்படும் உடன்பாடு. உணர்ச்சி அதன் பிறகே வருகிறது.

சுருதி நிலைத்தபின் உணர்ச்சியை ஆள்வது நிஷாதம். ஏ மைனரில் நடபைரவியின் கைசிகி நிஷாதத்தை வைத்துக்கொண்டால் ஐந்தாம் கார்டும் மைனராகவே அமையும். பாட்டு ஷட்ஜத்துக்கு அவசரமின்றித் திரும்பும். கீரவாணியின் காகலி நிஷாதத்தை எடுத்தால் அதே இடத்தில் இ மேஜர் வந்து நிற்கும். ஷட்ஜத்தை நோக்கிய இழுப்பு கூடும். பாட்டுக்கட்டுவோர் தேர்ந்தெடுக்க வேண்டியது மைனரா மேஜரா என்பதோடு முடிவதில்லை. எந்த மைனர் என்பதே நுட்பமான கேள்வி.

1980இல் வெளிவந்த பாலு மகேந்திராவின் ‘மூடுபனி’ இவ்விழைகள் சேரும் இடம். சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, சலில் சௌத்ரியின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்த இளையராஜா, அப்படத்தில் கிட்டாரை முன்னிறுத்தி நடபைரவியில் ஒரு பாடல் அமைத்தார். பாடியவர் செம்பையின் மாணவரான யேசுதாஸ். கதையில் அது, மனம் பிறழ்ந்த ஒருவன் தான் கடத்தி வந்த பெண்ணின் முன் பாடும் காதல் பாட்டு. சோகம் என்ற ஒற்றைச் சொல் அதற்குப் போதாது. கூடலின் வேட்கையும், அது கைகூடாது என்று கேட்பவர் உணரும் அச்சமும் ஒரே சுரவரிசையில் அடங்கி நிற்கின்றன.

இதிலிருந்து மலைமண்ணே இளையராஜாவுக்கு மைனரைக் கொடுத்தது என்று முடிவுகட்டுவது வரலாறாகாது. குறிஞ்சி யாழுக்கும் 1980ஆம் ஆண்டின் கிட்டாருக்கும் இடையே அறுபடாத சங்கிலி எதுவும் காட்டப்படவில்லை. எனினும், சோகப் பாடல் என்று கண்டு மைனர் என்றோ, மைனர் என்று கண்டு சோகம் என்றோ எழுதிச் செல்லும் பழக்கத்தைக் கைவிட இச்சான்றுகள் போதுமானவை. ஒரு பாடலை ஆராயும் மாணவர் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: பாடியவரின் கட்டை எது, திறந்து ஒலிக்கும் தந்திகள் எவை, நிஷாதம் எது. உணர்ச்சியைப் பற்றிய முடிவு இம்மூன்றுக்கும் விடை கண்ட பின்னரே எழுதப்பட வேண்டும்.