எண்ணெய் எங்கே போகிறது? பெர்குசன் டிராக்டரின் கதை



பழைய டிராக்டர் நிற்கும் இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சில வண்டிகளுக்கு அடியில் மண் கறுப்பாக ஊறிப்போய் இருக்கும். சில வண்டிகளில் தரை சுத்தமாக இருக்கும். ஆனால் தூக்கி நிறுத்திய கலப்பை, டீ குடித்துவிட்டு வருவதற்குள் தானாகத் தரைக்கு இறங்கியிருக்கும்.

இரண்டும் எண்ணெய்க் கசிவுதான். முதலாவது வெளியே ஒழுகுகிறது. இரண்டாவது உள்ளுக்குள்ளேயே ஒழுகுகிறது. எங்கள் பெரியப்பாவின் வண்டியில் இருந்தது இரண்டாவது வகை. அது தெரியாமல் வெளி சீல்களை இரண்டு முறை மாற்றினார். பணம் போனது, கலப்பை மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. "கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் எங்கேடா போகுது?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய் அயர்லாந்து, அமெரிக்கா, இங்கிலாந்து என்று சுற்றி வந்துவிட்டேன். அந்தக் கதைதான் இது.

இரும்புக் குதிரை

1917இல் ஹென்றி போர்டு தனது போர்ட்சன் டிராக்டரைப் பெரும் எண்ணிக்கையில் தயாரிக்க ஆரம்பித்தார். அன்றைய டிராக்டர் ஓர் இரும்புக் குதிரை, அவ்வளவுதான். குதிரைக்குப் பின்னால் கலப்பையைக் கட்டுவது போலவே இதற்குப் பின்னாலும் கட்டினார்கள். ஆனால் கலப்பை பாறையில் மாட்டினால் குதிரை நின்றுவிடும். எஞ்சின் நிற்காது. கலப்பை நகராது, பின் சக்கரமும் சுழல முடியாது. அப்போது வண்டியின் முன்பக்கம் மேலே எழும்பிப் பின்னோக்கிக் கவிழும். ஓட்டியவர் அடியில் மாட்டிக்கொள்வார். இப்படிப் பல விவசாயிகள் உயிரிழந்தார்கள்.

இதற்கு வழி கண்டவர் ஹாரி பெர்குசன். 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டிய விமானத்தில் பறந்தவர். முதல் உலகப்போர்க் காலத்தில், அயர்லாந்தில் டிராக்டர்களை நன்றாகப் பயன்படுத்த வழி சொல்லும் வேலை அவருக்குத் தரப்பட்டது. கோளாறு வண்டியில் மட்டும் இல்லை, கலப்பையை வண்டியோடு கட்டும் விதத்தில் இருக்கிறது என்று அங்கேதான் அவர் கண்டுகொண்டார்.

அவருடைய தீர்வு மூன்று இணைப்புகள். கீழே இரண்டு, மேலே ஒன்று (டாப் லிங்க்). கீழ் இணைப்புகளை எண்ணெய் அழுத்தத்தால் தூக்கலாம், இறக்கலாம். கலப்பைக்கு மண் கடினமானால் டாப் லிங்க் முன்னோக்கித் தள்ளப்படும். அந்தத் தள்ளல் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தி, ஒரு வால்வை நகர்த்தி, கலப்பையைக் கொஞ்சம் தூக்கும். கலப்பையின் எடையும் பின் சக்கரத்தின் மேல் சேரும். பாறையில் பலமாக மோதினால் வால்வு முழுக்கத் திறந்து அழுத்தம் விழுந்துவிடும். சக்கரம் பிடி இழந்து சும்மா சுழலும். வண்டி கவிழாது.

ஒரு சின்ன வால்வு, கொஞ்சம் எண்ணெய். உயிரைக் காப்பாற்றியது அவைதான்.

கைகுலுக்கலும் வழக்கும்

1933இல் ஒரு மாதிரி வண்டியைப் பெர்குசன் உருவாக்கினார். கறுப்பு வண்ணம் பூசியிருந்ததால் அதற்குக் 'கறுப்பு டிராக்டர்' என்றே பெயர். 1936இல் டேவிட் பிரவுன் நிறுவனத்தோடு சேர்ந்து விற்பனைக்குக் கொண்டு வந்தார். 1938 அக்டோபரில் அமெரிக்காவில் ஹென்றி போர்டுக்கு ஓட்டிக் காட்டினார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை! அதன் பலனாக 1939இல் போர்டு 9என் டிராக்டர் வந்தது.

1947இல் போர்டு காலமானார். அவருடைய பேரன் இரண்டாம் ஹென்றி போர்டு கூட்டை முறித்துக்கொண்டு, அதே ஹைட்ராலிக்ஸ் கொண்ட 8என் டிராக்டரைத் தாங்களே விற்க ஆரம்பித்தார். பெர்குசன் 1948இல் 25 கோடி டாலருக்கும் மேல் கேட்டு வழக்குப் போட்டார். 1952 ஏப்ரலில் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. பணத்தை விட எனக்கு முக்கியமாகத் தோன்றியது வேறு. பம்ப் எண்ணெயை உறிஞ்சும் பக்கத்தில் கட்டுப்பாட்டு வால்வை வைக்கும் பெர்குசன் முறையை அந்த ஆண்டு முடிவோடு போர்டு கைவிட வேண்டும் என்பதும் சமரசத்தில் ஒரு பகுதி. 1953இல் வந்த அடுத்த போர்டு டிராக்டரில் பம்ப் இடம் மாறியது. இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதிக்கொண்டது உள்ளங்கையில் அடங்கும் ஒரு வால்வுக்காக!

இதற்கிடையில் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் பெர்குசனின் சாம்பல் நிற டி.இ.20 டிராக்டர்கள் 5 லட்சத்துக்கும் மேல் தயாராயின.

ஒரே வயிறு, மூன்று வேலை

இப்போது பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம்.

டி.இ.20இல் ஹைட்ராலிக் பம்ப் வெளியே தெரியாது. வண்டியின் உடலுக்குள்ளே எண்ணெயில் மூழ்கி இருக்கும். அதைச் சுற்றுவது பி.டி.ஓ தண்டு. கியர் பாக்ஸ், பின் அச்சு, ஹைட்ராலிக்ஸ் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். வெளியில் குழாய்கள் கிடையாது, அதனால் வயலில் மாட்டி உடையவும் வழியில்லை. ஆனால் அதே காரணத்தால் கசிவைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பின் அச்சில் ஒழுகினாலும் ஹைட்ராலிக் எண்ணெய்தான் குறையும்.

முதலில் அளவுக்கோலை எடுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்திருந்தால் கசிவு வெளியே. வண்டியை நன்றாகக் கழுவித் துடைத்து, கொஞ்சம் ஓட்டி, எங்கே ஈரம் தெரிகிறது என்று பார்க்கலாம். பி.டி.ஓ தண்டு வெளிவரும் இடம், பின் சக்கர பிரேக் டிரம், தூக்கும் கைகளின் குறுக்குத் தண்டு முனைகள், மேல் மூடியின் கேஸ்கெட். சொட்டு எப்போதும் தாழ்வான இடத்தில்தான் விழும். ஆரம்பம் மேலே எங்கோ இருக்கும். கிளச் உறையின் அடியில் உள்ள சிறு துளையில் சொட்டினால் நிறத்தைப் பாருங்கள். கன்னங்கரேல் என்றிருந்தால் பெரும்பாலும் எஞ்சின் எண்ணெய், தெளிவாக இருந்தால் கியர் பாக்ஸ் பக்கம். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம்.

அளவு குறையவில்லை, ஆனால் கலப்பை சீக்கிரம் இறங்குகிறது என்றால் கசிவு உள்ளே. இரவு முழுக்க நிறுத்தி வைத்தால் பழைய வண்டியில் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். நிமிடங்களில் இறங்கினால்தான் கோளாறு. சிலிண்டரில் அழுத்தத்தில் இருக்க வேண்டிய எண்ணெய், பிஸ்டன் சீல் வழியாகவோ பம்ப் வால்வு வழியாகவோ அதே வயிற்றுக்குள் திரும்பி விழுகிறது. தரையில் ஒரு சொட்டு கூட வராது.

எந்த வழி என்று தெரிய ஒரு முறை உண்டு. பக்கவாட்டு மூடி வரை நிற்கும் எண்ணெயை இறக்கிவிட்டு, சுமையைத் தூக்கி, எஞ்சினை நிறுத்தி, அந்த மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேலே சிலிண்டர் வாயில் எண்ணெய் வழிந்தால் பிஸ்டன் பக்கம் கோளாறு. கீழே பம்ப் பக்கம் வந்தால் வால்வு. தூக்கிய சுமைக்கு அடியில் யாரும் போகக்கூடாது, அழுத்தத்தில் பீறிடும் எண்ணெயைக் கையால் தடவிப் பார்க்கவும் கூடாது. தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

சென்னைக்கு வந்த வால்வு

1953இல் பெர்குசன் தன் நிறுவனத்தை மாஸி ஹாரிஸோடு இணைத்தார். 1960இல் அவர் காலமானார். அதே 1960இல்தான் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கி, மாஸி பெர்குசன் டிராக்டர்கள் இங்கே தயாராக வழி பிறந்தது. நம் கிராமங்களில் ஓடும் 1035 வண்டி, பெர்குசன் 35 வகையின் வாரிசு. பம்ப் இன்னும் உடலுக்குள்ளே, எண்ணெயில் மூழ்கித்தான்.

இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உயிரைக் காப்பாத்தத்தான் உள்ளே வச்சானா? அப்ப சரி, செலவு பண்ணலாம்" என்றார். ஒழுகும் இடத்தைத் தேடும் முன்பு, எண்ணெய் எந்த வழியாக ஓட வேண்டும் என்று யோசித்தவனைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வரலாறு படித்து என்ன பயன் என்று கேட்கும் நண்பர்களுக்கு இனி இதைத்தான் சொல்லப்போகிறேன்.